நிறுவைப் பாலம்

சம்மாந்துறை ஆலைக்குள் நுழையும் எந்த லொறியும்
முதலில் என் ஜன்னலடியில் நிற்க வேண்டும்.
பதினெட்டு மீற்றர் இரும்புத் தட்டு,
மேசையில் சிவப்பு இலக்கம்.
பத்துக் கிலோவுக்குக் கீழே
எதையும் நம்பாத தராசு.
மழைக்கு ஒதுங்கும் பூனை ஏறிப் படுத்தாலும்
அதற்குப் பூச்சியம்தான்.

மாசி. பெரும்போக அறுவடை.
வளத்தாப்பிட்டியிலிருந்து, மல்வத்தையிலிருந்து
இரவிரவாய் நெல்.
ஏற்றி வந்த பாரம் ஒன்று,
இறக்கிப் போகும் பாரம் ஒன்று,
கழித்தால் வருவது போடியாரின் காசு.

உயர்தரத்தில் பௌதிகம் எனக்கு ‘எஸ்’.
இணைந்த கணிதத்தைக் கேட்காதீர்கள்.
ஆனாலும் ஒன்று மறக்கவில்லை:
பூமி நெல்லை இழுக்கும் அதே பலத்தோடு
நெல்லும் பூமியை இழுக்கிறது.
கூடவும் இல்லை, குறையவும் இல்லை.
பரீட்சையில் சரியாய் எழுதினேன்.
நம்பியது இங்கே வந்த பிறகுதான்.
இந்தச் சிவப்பு இலக்கம்
லொறியினுடையதும் அல்ல, மண்ணினுடையதும் அல்ல,
இரண்டும் பிடித்திருக்கும் கயிற்றினுடையது.
திணிவு எவ்வளவு வேறானாலும்
இரு நுனியிலும் இறுக்கம் ஒன்றே.
ஆடிப்போவது மட்டும் சின்னவன்.

முதலாளி இதை ஒத்துக்கொள்ள மாட்டார்.
பெரியது இழுக்கும், சின்னது வரும்
என்பது அவர் கணக்கு.
விதைநெல்லுக்குக் கடன் கொடுத்தவர் அல்லவா.

முற்றத்தில் பெரிய விசிறி வைத்துத் தூற்றுகிறார்கள்.
மணி காலடியில், பதர் மதிலடியில்.
பிரித்தது காற்று.
பூமிக்கு அந்தப் பேதம் கிடையாது.
காற்றை மட்டும் எடுத்துவிட்டால்
இரண்டையும் ஒரே நொடியில்
மடியில் வாங்கிக்கொள்ளும்.

நுபைல் இறக்காமத்தான்.
நெல்லோடு நிறுக்கும்போது
ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருப்பான்.
வெறும் லொறியை நிறுக்கும்போது
சிகரட் வாங்க இறங்கிவிடுவான்.
மூன்று நாள், மூன்று தரம்
எழுபது கிலோ நுபைலை
ஆலை நெல்லென்று வாங்கியது,
கிலோ நூற்றிருபது ரூபாவுக்கு.

நாலாம் நாள் கண்ணாடியைத் தட்டினேன்.
“ஏறி இருங்க. மறுகா நிறுப்பம்.”
சிரித்தான்.
“நானும் இந்த மண்ணில விளைஞ்சதுதானே தங்கச்சி.”
“ஈரப்பதம் கூட” என்றேன்.
ஏறினான். இலக்கம் எழுபது கூடியது.
வீரமுனைப் போடியார் குணரெத்தினம்
வானத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

அன்றிரவு பழைய கொப்பியை எடுத்தேன்.
அவன் எழுபது, நான் ஐம்பத்தெட்டு,
நடுவில் ஜன்னல், ஒரு மீற்றர்.
பெருக்கி, வகுத்து, பூச்சியங்களை மூன்று தரம் எண்ணி
எங்களுக்கிடையில் உள்ள ஈர்ப்பைக் கண்டுபிடித்தேன்:
ஒரு நெல்மணியை ஆயிரமாய் நறுக்கினால்
அதில் ஒரு துண்டின் பாரம்.
அவ்வளவுதான்.
அதுவும் தூரம் இரட்டித்தால் காலாகிவிடும்.
இறக்காமம் போய்ச் சேர
அது எத்தனை தரம் இரட்டிக்கும் என்று பார்க்காமல்
கொப்பியை மூடினேன்.

இன்று பின்னேரம் கரண்ட் போனது.
இலக்கம் அணைந்தது,
பாரம் அணையவில்லை.
வரிசையில் பதினொரு லொறி.
முன்னால் நின்றதன் மூட்டைகள் மேல்
கொக்கு ஒன்று இறங்கி,
தன்னால் ஆனமட்டும்
பூமியை இழுத்துக்கொண்டிருந்தது.

நுபைல் கதவைத் திறந்து குதித்தான்.
அவன் கீழே வர
பூமியும் எழும்பி அவன் பக்கம் போனது.
அணுவின் கருவைப் பத்துக் கோடியாய்ப் பகுத்தால்
அதில் ஒரு பங்கு.
யாரும் பார்க்கவில்லை.
போனது போனதுதான்.

“ஜெனரேட்டர் இல்லையா?”
“டீசல் இல்லை.”

ரசீதுப் புத்தகத்தின் மேல் கை வைத்தபடி நான்,
தட்டின் மேல் செருப்பில்லாமல் அவன்.
கரண்ட் வரட்டும் என்று இருந்தோம்.